மீள்வார்க்கு மன்றம் திறவுங்கள்!

(கோடம்பாக்கத்தில் தமிழன்பர்களிடை ஆற்றப்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)



தமிழில் 'குடி' என்பது ஒரு பெருஞ்சொல். வீடு அதன் பொருள். குடும்பம் அதன் பொருள். ஊரும் இனமும் நாட்டில் வாழும் மக்களும் அதன் பொருளே. குடிமை, குடிமகன், குடித்தனம், குடியரசு ஆகிய சொற்களெல்லாம் அவ்வேரில் கிளைத்தவை. அதே ஒலியுடைய இன்னொரு 'குடி' பருகுதலைக் குறிப்பது. இற்றைத் தமிழ்நாட்டில் இவ்விரண்டாம் குடி முதற் குடியை விழுங்கி வருகின்றது. 'குடிமகன்' என்னும் உயரிய சொல், தெருவோரத்தில் மயங்கிக் கிடப்பவனைச் சுட்டும் எள்ளற் சொல்லாக நாளிதழ்களிலும் திரைப்பட நகைச்சுவைகளிலும் வழங்குகின்றது. ஒரு சொல் இவ்வாறு தாழ்ந்து போவதைக் கண்டு நகைப்பவர் பலர். அதன் பின்னே தாழ்ந்து கிடக்கும் மாந்தனை எண்ணிப் பார்ப்பவர் சிலரே. அம்மாந்தனைப் பற்றியதே இவ்வுரை.

கடையை மூடச்சொல்வது மட்டும் போதுமா?

கள்விலக்கிற்காகத் தமிழ்மண்ணில் நடந்த போராட்டங்கள் சிறியவையல்ல. 1921-இல் ஈரோட்டில் நடந்த கள்ளுக்கடை மறியலில் நாகம்மையாரும் கண்ணம்மையாரும் முன்னின்றனர். 1937 அக்தோபர் முதல்நாள் சேலம் மாவட்டத்தில் கள்விலக்குச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. 1948-இல் சென்னை மாகாணம் முழுமைக்கும் அது விரிந்தது. 1971-இல் சட்டம் தளர்த்தப்பெற்றுக் கடைகள் திறக்கப்பட்டன. 1974-க்குள் அவை மீண்டும் மூடப்பட்டன. 1981-இல் மீண்டும் திறக்கப்பட்டன. 1983-இல் டாசுமாக்கு என்னும் அரசு வாணிகக் கழகம் தோன்றியது. 2003-இல் சில்லறை விற்பனையையும் அரசே மேற்கொண்டது. 2015 சூலை 31 அன்று, குமரி மாவட்டம் உண்ணாமலைக்கடையில் ஒரு கடையை அகற்றக்கோரி அலைபேசிக் கோபுரத்தின்மேல் ஏறிப் போராடிய காந்தியப் பெரியவர் சசிபெருமாள் உயிர்நீத்தார். 2023 சூனில் 500 கடைகள் மூடப்பட்டன. அதன் பின்னும் ஏறத்தாழ 4,800 கடைகள் எஞ்சின. 2023-24 நிதியாண்டில் அரசுக்கு இவ்வழி வந்த வருவாய் 45,000 கோடி உரூபாவிற்கும் மேல்.

இவ்வரலாற்றில் ஓர் உண்மை தெளிவாகத் தெரிகின்றது. கடைகள் திறக்கின்றன, மூடுகின்றன, மீண்டும் திறக்கின்றன. அவ்வக்கால அரசியலும் அரசின் கருவூலமும் அதனை முடிவு செய்கின்றன. ஆனால் ஒருமுறை குடிநோய்க்கு ஆட்பட்டவன், கடை திறந்தாலும் மூடினாலும் நோயனாகவே இருக்கின்றான். கடை மூடிய காலத்தில் அவன் கள்ளச்சாராயத்தைத் தேடிச் செல்கின்றான். கடை திறந்திருக்கும் காலத்திலும், கையில் காசு குறைந்தால் அங்கேயே செல்கின்றான். 2024 சூனில் கள்ளக்குறிச்சியில் மெத்தனால் கலந்த சாராயம் குடித்து 60-க்கும் மேற்பட்டோர் மாண்டனர். அரசுக்கடைகள் நாடெங்கும் திறந்திருந்த காலத்தில்தான் அக்கொடுமை நிகழ்ந்தது.

எனவே கள்விலக்குக் கோரிக்கை எத்துணை ஞாயமானதாயினும், அதனோடு நின்றுவிடுதல் போதாது. 'கடையை மூடு' என்பது இனிமேல் வீழக்கூடியவனைக் காக்கும் முழக்கம். முன்னரே வீழ்ந்துவிட்டவனுக்கு அம்முழக்கத்தில் இடமில்லை. அவன் எங்கே செல்வான்? யாரிடம் செல்வான்? எந்தக் கதவைத் தட்டுவான்?

இந்திய அரசின் சார்பில் புதுதில்லி எய்ம்சு மருத்துவ நிறுவனம் நடத்தி 2019-இல் வெளியிட்ட நாடளாவிய கணக்கெடுப்பு, குடிக்கு அடிமைப்பட்டோருள் 38 பேரில் ஒருவரே ஏதேனும் ஒரு துணையோ மருத்துவமோ பெற்றதாகக் கூறுகின்றது. எஞ்சிய 37 பேர்க்கும் வழி தெரியவில்லை. அன்றேல் வழி தெரிந்தும் வாயில் திறக்கவில்லை. 38-இல் 37 என்பது ஒரு நாட்டின் மனச்சான்றையே உலுக்க வேண்டிய எண்ணிக்கை.

குற்றமா, நோயா?

குடிப்பவனை ஒழுக்கங்கெட்டவன் என்று ஒதுக்குவதே நம்மிடையே வழக்கம். தொடக்கத்தில் குடிக்கலாமா வேண்டாவா என்பது ஒருவன் தேர்வாக இருத்தல் கூடும். ஆயின், ஆண்டுகள் செல்லச் செல்ல, ஆல்ககால் எனப்படும் வெறியம் மூளையின் இயக்கத்தையே மாற்றிவிடுகின்றது. உடல் அதற்குப் பழகி, அளவு கூடுகின்றது. பின்னர் அஃதின்றி உடல் இயங்க மறுக்கின்றது. காலையில் கை நடுங்குகின்றது. அந்நடுக்கத்தை அடக்கவே அடுத்த குவளை தேவைப்படுகின்றது. குடும்பம் சிதைவதும், வேலை போவதும், குருதி கக்குவதும் கண்முன்னே தெரிந்தும் கை நிற்பதில்லை. இந்நிலைக்கே குடிநோய் என்று பெயர். உலக நலவாழ்வு நிறுவனம் 2024-இல் வெளியிட்ட அறிக்கையின்படி, 2019-ஆம் ஓராண்டில் மட்டும் வெறியத்தால் உலகெங்கும் இறந்தோர் 26 இலக்கம் பேர்.

நோய் என்று கூறுவது பொறுப்பினின்று விடுவிப்பதாகாது. நீரிழிவு நோயனுக்கு நோய் வந்தது அவன் குற்றமன்று. ஆயின் உணவைக் கட்டுப்படுத்துவது அவன் பொறுப்பே. குடிநோயனுக்கும் அதுவே பொருந்தும். பழிப்பதனால் எந்நோயும் தீர்வதில்லை. பழிக்கு அஞ்சி மறைந்து குடிப்பதே மிகுதியாகின்றது.

இந்நோய் ஆணுக்கே உரியதன்று, ஏழைக்கே உரியதுமன்று. கோடம்பாக்கத்துப் படவுலகின் உச்சியில் நின்ற நடிகையர் திலகம் சாவித்திரி, நெடுநாள் நினைவற்றுக் கிடந்து 1981 திசம்பரில் மறைந்தார். குடி அவர் வாழ்வைத் தின்ற துயரம் நாடறிந்தது. புகழ்பெற்றவர் வீழ்ந்தால் அது கதையாகின்றது, படமாகவும் ஆகின்றது. அவர் முகத்தில் ஒளி பாய்ச்சிய விளக்குத் தொழிலாளி வீழ்ந்தால் அவன் தெரு மட்டுமே அறியும்.

வள்ளுவர் காட்டும் இரு நிலைகள்

திருக்குறளின் 93-ஆம் அதிகாரம் கள்ளுண்ணாமை. அதன் பத்துக் குறட்பாக்களையும் மேடைதோறும் முழங்குகின்றோம். ஆயின் இறுதி இரண்டையும் அடுத்தடுத்து வைத்து எண்ணிப் பார்த்தோர் குறைவே.

ஒன்பதாம் குறளில் வள்ளுவர், வெறியில் கிடப்பவனுக்குக் கரணியம் காட்டித் திருத்த முனைவதை, நீரின் ஆழத்தில் மூழ்கிவிட்டவனைத் தீப்பந்தம் ஏந்திச் சென்று தேடும் வீண்முயற்சியோடு ஒப்பிடுகின்றார். நீரினுள் பந்தம் எரியாது. தேடுவோனுக்கு எதுவும் தெரியாது. கரைமேல் நிற்பவனின் அறிவுரை, மூழ்கியவன் செவியை எட்டுவதில்லை. மனைவியின் கண்ணீரும், தாயின் கெஞ்சலும், முதலாளியின் எச்சரிக்கையும், மேடைப் பேச்சாளரின் முழக்கமும் பயனற்றுப் போவது ஏன் என்பதற்கு இதனினும் தெளிவான விளக்கம் வேறில்லை.

பத்தாம் குறளில் அவர் வேறொரு வாயிலைத் திறக்கின்றார். தான் குடியாதிருக்கும் ஒரு வேளையில், குடித்து மயங்கிய இன்னொருவனைக் காண்பவன், தான் உண்ட பொழுது தனக்கும் அச்சோர்வுதானே இருந்திருக்கும் என்று எண்ணிப் பார்க்க மாட்டானோ என்று வினவுகின்றார். அறிவுரை செல்லாத இடத்திற்கு ஒப்புமை செல்லும் என்பது இதன் கருத்து. ஒருவனுடைய நிலை இன்னொருவனுக்குக் கண்ணாடியாகின்றது. கரைமேல் நிற்பவன் செய்ய முடியாததை, அதே நீரில் மூழ்கி எழுந்தவன் செய்ய முடிகின்றது.

இவ்வுண்மையைச் செயல்வடிவில் கண்டறிய உலகம் 1935 வரை காத்திருந்தது.

ஆக்ரன் நகரில் நிகழ்ந்தது

அமெரிக்க நாட்டின் நியூயார்க்கில் பங்கு வாணிகத் துறையில் இருந்தவர் பில் வில்சன். குடியால் தொழிலும் உடலும் கெட்டுப் பன்முறை மருத்துவமனையில் கிடந்து, 1934 திசம்பரில் குடியை விட்டவர். அடுத்த சில திங்கள் அவர் எத்தனையோ குடிநோயரைத் தேடிச் சென்று அறிவுரை கூறினார், ஒருவரும் திருந்தவில்லை. ஆயின் அவர் மட்டும் குடிக்காமல் இருந்தார்.

1935 மே திங்களில் வாணிகத்தின் பொருட்டு ஒகையோ மாநிலத்தின் ஆக்ரன் நகருக்குச் சென்றார். சென்ற செயல் தோல்வியுற்றது. தனிமையும் சோர்வும் வாட்ட, விடுதியின் கூடத்தில் நின்றார். ஒருபுறம் குடியறை, மறுபுறம் தொலைப்பேசி. அவர் தொலைப்பேசியின் பக்கம் நடந்தார். ஊர்க் கிறித்தவக் குருமார் ஒருவரை அழைத்து, தம்மைப் போன்ற இன்னொரு குடிநோயரிடம் பேச வேண்டும் என்று கேட்டார். அவ்வழியே, இராபர்ட் சுமித்து என்னும் அறுவை மருத்துவரைக் காணும் வாய்ப்பு அமைந்தது. அவரும் தீராக் குடிநோயர். கால்மணி நேரத்தில் எழுந்துவிடலாம் என்று எண்ணி வந்த மருத்துவர், பல மணிநேரம் அமர்ந்து பேசினார். ஏனெனில் வந்தவர் அறிவுரை கூறவில்லை. தம் கதையைக் கூறினார். தம்மைக் காத்துக்கொள்ளவே இன்னொரு நோயரிடம் வந்ததாகக் கூறினார். அம்மருத்துவர் இறுதியாகக் குடித்த நாளாகிய 1935 சூன் 10-ஐயே இவ்வியக்கத்தின் தோற்ற நாளாகக் கொள்கின்றனர். இருவரும் அந்நகர மருத்துவமனையில் கிடந்த ஒரு வழக்கறிஞரைத் தேடிச் சென்றனர். அவர் மூன்றாமவர் ஆனார்.

1939-இல் அவ்வியக்கத்தின் நூல் வெளிவந்தது. அந்நூலின் பெயரே இயக்கத்தின் பெயராயிற்று. 'ஆல்ககாலிக்சு அனானிமசு' என ஆங்கிலத்தில் வழங்குவதைப் 'பெயர் மறைத்த குடிநோயர்' எனத் தமிழில் கூறலாம். 1951-இல், குடிநோயரின் மனைவியர்க்கும் உறவினர்க்கும் உரிய 'அல்-அனான்' என்னும் தனியியக்கம் தோன்றியது. பில் வில்சனின் மனைவி உலோயிசு அதனைத் தொடங்கியவர்களுள் ஒருவர். 1950-களின் பிற்பகுதியில் குடிநோயர் இயக்கம் இந்தியாவில் வேரூன்றியது. இன்று ஏறத்தாழ 180 நாடுகளில் அதன் குழுக்கள் உள.

சென்னை இத்துறையில் பின்தங்கிய ஊரன்று. தி.தி.கி. தொழிற்குடும்பத்தைச் சேர்ந்த அரங்கநாதன் குடிநோயால் 1979-இல் இளமையிலேயே இறந்தார். அவர் மனைவி சாந்தி அரங்கநாதன் தம் துயரை வீட்டினுள் பூட்டி வைக்கவில்லை. 1980-இல் கணவர் பெயராலேயே ஓர் ஆய்வு மருத்துவ அறநிலையத்தைத் தொடங்கினார். அடையாறு இந்திரா நகரில் உள்ள தி.தி.கி. மருத்துவமனையாக அது வளர்ந்தது. கணவன் குடியால் இறந்தான் என்று வெளியே கூறவும் பெண்கள் கூசிய காலத்தில், அவர் அதனை ஊரறியக் கூறி, பிற குடும்பங்களைக் காக்க முற்பட்டார். 1992-இல் நடுவணரசு அவருக்குப் பத்மசிரீ விருதளித்தது. 'குடிகாரன்' என்ற வசைச்சொல்லின் இடத்தில் 'குடிநோயாளி' என்ற சொல் தமிழ்மக்களிடையே பரவியதில் இத்தகைய நிறுவனங்களின் பங்கு பெரிது. ஒரு சொல் மாறினால் ஒரு பார்வை மாறும் என்பது தமிழியக்கத்தார்க்குப் புதிய செய்தியன்று.

ஒருவர் வழி தேடுகின்றார்

கோடம்பாக்கத்தில் வாழும் ஒரு தொழிலாளரை எண்ணிக் கொள்வோம். படப்பிடிப்பு நிலையங்களில் மேடையமைப்பவர் என வைத்துக்கொள்வோம். வேலை இருந்தால் இரவு பகல் தெரியாது. இல்லையேல் கிழமைக்கணக்கில் வீட்டில் முடங்கல். அன்றன்று கையில் விழும் 'பேட்டா' அன்றன்றே கடைக்குப் போய்விடுகின்றது. மகள் பேசுவதை நிறுத்திவிட்டாள். ஒருநாட் காலை, கண்ணாடியில் தம் முகத்தைத் தாமே பார்க்க அஞ்சி, இதற்கொரு வழி உண்டா என்று எண்ணத் தொடங்குகின்றார்.

அவர் முதற்கண் அறிய வேண்டியது ஒன்று. பல்லாண்டு நாள்தோறும் மிகுதியாகக் குடித்தவர், திடீரெனத் தாமாகவே நிறுத்துதல் உயிர்க்கு இடர் தரும். சில மணிநேரத்தில் நடுக்கமும் வியர்வையும் தோன்றும். சிலர்க்கு முதல் இரண்டு நாள்களுக்குள் வலிப்பு வரும். இரண்டு மூன்று நாள்களில் பிதற்றலும், இல்லாத உருவங்கள் கண்ணில் தெரிதலும் நேரும். எனவே மருத்துவர் துணை முதலில் வேண்டும். 1794-இல் தொடங்கப்பெற்ற கீழ்ப்பாக்கம் அரசு மனநல மருத்துவமனையிலும், அரசுப் பெருமருத்துவமனைகளின் மனநலப் பிரிவுகளிலும் இதற்கு மருத்துவம் உண்டு. 14446 என்னும் நாடளாவிய கட்டணமில்லாத் தொலைப்பேசி எண்ணில் வழிகேட்கலாம். உடலினின்று நஞ்சு நீங்கச் சில நாள்கள் போதும். உள்ளத்தினின்று நீங்கவே ஆண்டுகள் வேண்டும். அவ்வாண்டுகளுக்கு உரியதே துணைக்கூட்டம்.

கூட்டம் நடக்கும் இடத்தை மருத்துவமனைகள் கூறும். அவ்வியக்கத்தின் தொலைப்பேசித் தொண்டர்கள் கூறுவர். சென்னையில் பள்ளி வகுப்பறைகளிலும், கிறித்தவக் கோயில்களை ஒட்டிய அறைகளிலும், மருத்துவமனைகளிலும் மாலை வேளைகளில் இக்கூட்டங்கள் நடக்கின்றன. குடிநோயர் மட்டுமே அமரும் கூட்டங்களும் உள. உறவினரும் நண்பரும் வரக்கூடிய திறந்த கூட்டங்களும் உள.

முகவரி கிடைத்தபின்னும் வாயில் வரை சென்று திரும்பிவிடுவோர் பலர். தெரிந்தவர் யாரேனும் பார்த்துவிடுவரோ என்ற அச்சமே கரணியம். கடைவாயிலில் வரிசையில் நிற்பதற்கு நாணாத ஊரில், மீட்சியின் வாயிலில் நிற்பதற்கு நாண வேண்டியிருக்கின்றது! இந்நாணத்தை அவர் உள்ளத்தில் விதைத்தது யார்? ஊர் விதைத்தது. பழிச்சொல் பேசிய ஒவ்வொரு வாயும் விதைத்தது.

கூட்டத்தினுள்

உள்ளே நுழைந்தவர் காண்பது ஓர் எளிய அறை. சில நாற்காலிகள், ஒரு மேசை, தேநீர். பதிவேடு கிடையாது, கட்டணம் கிடையாது, மேல் கீழ் என்னும் பதவி கிடையாது. உறுப்பினர்க்கு வேண்டிய தகுதி ஒன்றே: குடியை நிறுத்த வேண்டும் என்னும் விருப்பம். சிறிது நேர அமைதியோடு கூட்டம் தொடங்கும். இயக்கத்தின் நோக்கத்தை ஒருவர் படிப்பார். பின்னர் ஒவ்வொருவராக எழுந்து, தம் இயற்பெயரை மட்டும் கூறி, தாம் ஒரு குடிநோயர் என்பதை அறிவித்து, தம் கதையைச் சொல்வர். எப்படி இருந்தோம், என்ன நேர்ந்தது, இப்பொழுது எப்படி இருக்கின்றோம் என்னும் மூன்றே பகுதிகள். ஒருவர் பேசும்போது மற்றவர் குறுக்கிடுவதில்லை, திருத்துவதில்லை, தீர்ப்புரைப்பதில்லை. புதியவர் பேச விரும்பாவிடின் பேசாமலே அமர்ந்திருக்கலாம்.

அங்கே அவர் முதன்முறையாக ஒன்றைக் கேட்கின்றார். அரிசிப் பானைக்குள் புட்டியை ஒளித்தவர் தாம் மட்டும் அல்லர். மகளின் பள்ளிக் கட்டணத்தைக் குடித்தவர் தாம் மட்டும் அல்லர். 'நாளை முதல் நிறுத்திவிடுவேன்' என்று தாய்மீது ஆணையிட்டு அன்று மாலையே குடித்தவர் தாம் மட்டும் அல்லர். தம் கதையை இன்னொருவர் வாயால் கேட்கும் அக்கணத்தில்தான் வள்ளுவரின் பத்தாம் குறள் உயிர் பெறுகின்றது.

கூட்டத்தில் கற்பிக்கப்படும் வழிமுறைகள் எளியவை. வாழ்நாள் முழுதும் குடிக்கமாட்டேன் என்று சூளுரைக்க வேண்டா. இன்று ஒருநாள் குடியாதிருந்தால் போதும் என்பர். முதற் குவளையைத் தொடாதிருந்தால் பத்தாவதைப் பற்றிக் கவலையில்லை என்பர். பசி, சினம், தனிமை, களைப்பு ஆகிய நான்கும் குடியை நோக்கி இழுப்பவை. அவற்றுக்கு இடங்கொடாதே என்பர். தொடக்கத்தில் 90 நாள்களில் 90 கூட்டங்களுக்குச் செல்லுமாறு கூறுவர். பல்லாண்டு குடியாதிருக்கும் ஒருவர் புதியவர்க்கு வழித்துணையாக அமைவார். உள்ளம் தடுமாறும் நள்ளிரவிலும் அவரைத் தொலைப்பேசியில் அழைக்கலாம். இடையில் ஒருவர் தவறிக் குடித்துவிட்டால் அவரைத் துரத்துவதில்லை. மீண்டும் வருக என்றே கூறுவர். இறுதியில் ஒரு பை சுற்றி வரும். இயன்றவர் இயன்றதை இடுவர். அறை வாடகையும் தேநீரும் அதிலேயே அடங்கும். வெளியார் கொடையை இவ்வியக்கம் ஏற்பதில்லை. அரசின் பணத்தையும் ஏற்பதில்லை.

எழக்கூடிய ஐயங்கள்

இது மேனாட்டுச் சரக்கு அன்றோ என்று சிலர் வினவலாம். அச்சுப்பொறியும் மேனாட்டிலிருந்து வந்ததே; அதில்தான் தமிழ் நூல்கள் அச்சேறின. கொள்ளத்தக்கதைக் கொண்டு, அதனைத் தமிழாக்கித் தமதாக்கிக் கொள்வதே வளரும் இனத்தின் இயல்பு.

அவ்வியக்கத்தின் பன்னிரு படிகளில் கடவுளைப் பற்றிய பேச்சு வருகின்றதே, பகுத்தறிவாளர் அதனை ஏற்பது எங்ஙனம் என்று வேறு சிலர் வினவலாம். அப்படிகளிலேயே, ஒவ்வொருவரும் தாம் உணர்ந்தவாறு கொள்ளும் இறை என்றே கூறப்பட்டுள்ளது. கடவுளை ஏலாத உறுப்பினர் பலர், தம்மினும் பெரிய ஆற்றலாகக் கூட்டத்தையே கொள்கின்றனர். தனியொருவனால் இயலாதது பலர் கூடினால் இயலும் என்பது எம்மதத்திற்கும் உரிய கொள்கையன்று. மாந்தர் யாவர்க்கும் பொது.

இதனால் உண்மையில் பயன் உண்டா என்பது தலையாய வினா. 2020-இல் வெளிவந்த காக்ரேன் ஆய்வுத் தொகுப்பு, 10,565 பேரை உள்ளடக்கிய 27 ஆய்வுகளை ஒருங்கே வைத்து மதிப்பிட்டது. இவ்வியக்கத்தோடு நோயரை இணைத்துவிடும் மருத்துவமுறை, முழுமையாகக் குடியாதிருத்தலைப் பொறுத்தவரை, பிற உளமருத்துவ முறைகளுக்கு இணையாகவோ மேலாகவோ பயன் தந்தது என்பதே அதன் முடிவு. எனினும் இஃது ஒன்றே வழியென்று கூறுதல் தவறு. சிலர்க்கு மருந்துகள் பயன்படுகின்றன. சிலர்க்கு உளமருத்துவரே போதும். பலர்க்கு இவை யாவும் சேர்ந்தே வேண்டும். கட்டணமின்றி, வாழ்நாள் முழுதும், அண்மையிலேயே கிடைக்கக்கூடியது என்ற வகையில் துணைக்கூட்டத்திற்கு ஈடு வேறில்லை.

இன்னொன்றும் நோக்கத்தக்கது. அக்கூட்டத்தில் இயற்பெயர் மட்டுமே வழங்குகின்றது. பட்டமில்லை, பதவியில்லை, பெயரின் வாலாகத் தொங்கும் சாதியில்லை. அதிகாரியும் அவர் வண்டியோட்டியும் அடுத்தடுத்த நாற்காலியில் அமர்ந்து, ஒரே நோயைப் பற்றி ஒரே தரத்தில் பேசுகின்றனர். எத்தனையோ மாநாட்டுத் தீர்மானங்கள் செய்ய முயன்றதை, உயிரச்சம் அவ்வறையில் ஓசையின்றிச் செய்துவிடுகின்றது.

தாய்மொழியில் கதறுதல்

இங்கேதான் தமிழன்பர்க்குரிய கடமை தொடங்குகின்றது. இம்மருத்துவத்தின் கருவி கத்தியன்று; ஊசியன்று. பேச்சே அதன் கருவி. ஒருவன் தன் உள்ளத்தின் அடியில் புதைத்து வைத்ததை எடுத்துரைக்க வேண்டும். எம்மொழியில் அவன் தாயிடம் பொய் சொன்னானோ, அம்மொழியில்தான் அவன் உண்மையும் சொல்ல இயலும். கற்றுக்கொண்ட மொழியில் கணக்குக் கூறலாம், வேலைக்கு விண்ணப்பிக்கலாம், நெஞ்சு வெடித்து அழ இயலுமோ?

படித்த வகுப்பினர் ஆங்கிலத்தில் நடத்தும் கூட்டத்தில், மேடையமைக்கும் அத்தொழிலாளர் கடைசி நாற்காலியில் ஊமையாய் அமர்ந்து, மறுநாள் வாராமலே போய்விடக் கூடும். தமிழில் நடக்கும் கூட்டத்திலும், படிக்கப்பெறும் தாள்கள் ஆங்கில நடையை அப்படியே பெயர்த்த கரடுமுரடான தமிழிலோ, வடசொல் மண்டிய நடையிலோ இருந்தால், அவை செவியைத் தொட்டு நின்றுவிடும், நெஞ்சைத் தொடா. நல்ல எளிய தமிழ் இங்கே அழகுக்காக வேண்டப்படுவதன்று. அஃது ஓர் உயிர்மருந்து. 'மீட்சி', 'வழித்துணை', 'துணைக்கூட்டம்', 'தெளிவு' என்னும் சொற்களைக் கேட்ட மாத்திரத்தில், எழுத்தறியாத தாயும் பொருளறிவாள். தனித்தமிழின் ஆற்றல் அகரமுதலியில் மட்டும் இல்லை. இத்தகைய அறைகளிலும் அது மெய்ப்பிக்கப்பட வேண்டும்.

செய்யத்தக்கன

தமிழ் மன்றங்களும் படிப்பகங்களும் கிழமைக்கு ஒரு மாலை தம் அறையை இக்கூட்டங்களுக்குத் திறந்து விடலாம். ஒரு விளக்கு, இருபது நாற்காலி, குடிநீர், இவை போதும். அங்கே கொள்கைப் பரப்பல் கூடாது, துண்டறிக்கை கூடாது, உறுப்பினர் சேர்ப்பும் கூடாது. அறையைத் திறந்து கொடுத்துவிட்டு விலகி நிற்பதே அங்கே செய்யத்தக்க தொண்டு.

தமிழாசிரியரும் மொழிபெயர்ப்பாளரும், அவ்வியக்கத்தார் விரும்பிக் கேட்பின், அவர்தம் தாள்களை மக்கள் தமிழில் செப்பஞ்செய்து உதவலாம்.

கடை மறியலுக்குச் செல்லும் தோழர்கள், ஒரு கையில் பதாகையையும், மறு கையில் அண்மையிலுள்ள மருத்துவமனை, கூட்டம் ஆகியவற்றின் முகவரித் தாளையும் ஏந்திச் செல்லலாம். கடையிலிருந்து தள்ளாடி வெளிவருபவரை எதிரியாகப் பாராமல், மீட்கப்பட வேண்டிய உடன்பிறப்பாகப் பார்த்து அத்தாளை அவர் சட்டைப்பையில் இடலாம். அன்றிரவு அவர் அதனைப் படியார். நடுங்கும் கையோடு விழிக்கும் ஏதோவொரு காலையில் படிப்பார்.

குடிநோயரின் மனைவியர்க்கும் பிள்ளைகட்கும் உரிய கூட்டங்களையும் மறத்தலாகாது. கணவர் வாராவிடினும் மனைவி செல்லலாம். அவர் குடிப்பதற்குத் தான் கரணியமன்று, அதனைத் தன்னால் அடக்கவும் இயலாது என்று அறிவதே அவள் தோளினின்று இறங்கும் முதற் சுமை.

எல்லாவற்றிற்கும் மேலாக, நாவைக் காக்க வேண்டும். மேடையிலும் எழுத்திலும் குடிநோயரை எள்ளி நகைக்கும் சொற்களை விலக்குதல் தமிழ்ப்பணியின் ஒரு பகுதியே. 'குடிமகன்' என்னும் சொல்லை அதன் பழம்பெருமைக்கு மீட்க விழைவோர், அச்சொல்லால் எள்ளப்படும் மாந்தனையும் அவனது பழம்பெருமைக்கு மீட்டாக வேண்டும். மாந்தனை விட்டுவிட்டுச் சொல்லை மட்டும் மீட்க முடியாது.

பெருமக்களே! இக்கோடம்பாக்கத்தில் இன்று மாலையும் கடைகளின் முன் வரிசை நீளும். அவ்வரிசையில் நிற்போருள் யாரோ ஒருவர், இதுவே இறுதியாக இருக்கலாகாதா என்று தமக்குள் ஏங்கிக்கொண்டிருப்பார். அவர் திரும்பிப் பார்க்கும்போது, இத்தெருவில் விளக்கெரியும் இன்னொரு வாயில் இருக்க வேண்டும். அவ்வாயிலைத் திறந்து வையுங்கள்!